எதில் கழுவுவது?

ஃபிலிமை டெவலப் செய்வதற்கு நம்மூர் ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த சொல் "கழுவுறது". "ரோலைக் கழுவியாச்சு, நாளைக்கு பிரிண்ட் போட்டுத் தரேன்" என்பார்கள். ஏதோ துணி துவைக்கிற மாதிரி. உண்மையில் அந்த டப்பாவுக்குள் நடப்பது கழுவுதலே கிடையாது, அது ஒரு ரசாயன வினை. ஆனால் இரண்டு மாதமாக இந்த விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருந்ததில், நம்மூர்க்காரர்கள் தப்பான சொல்லைப் பிடிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. கறுப்பு வெள்ளை நெகடிவுக்கு எந்த டெவலப்பர் என்பதை இங்கே கடைசியில் முடிவு செய்தது தண்ணீர்தான். தண்ணீரின் சூடும், அதன் உப்பும்.

தோண்ட ஆரம்பித்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா கள்ளக்குறிச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கடையை மூடிப் பல வருஷமாகிறது. பொங்கலுக்குப் போயிருந்தபோது பரணைச் சுத்தம் செய்ததில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நாலைந்து காலி ஸ்பூல், துருப்பிடித்த கிளிப்புகள், எடுத்து முடித்து காகிதப் பட்டை ஒட்டிய ஒரு 120 ரோல். கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ என்.பி. 22. பட்டையில் பென்சிலால் "வெள்ளிமலை" என்று எழுதியிருந்தது. சித்தப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அது 1984 கோடையில், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிற்றூரில் நடந்த கல்யாணம். அங்கே பாதி தூரம் நடைதான். எடுத்துவிட்டு இறங்கின மறுநாள் தாத்தா தவறிவிட்டார். பதினாறு நாள் கடை பூட்டு. திறந்தபோது மற்ற ரோல்கள் இருந்தன, இது இல்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை மலையிலிருந்து இறங்கி வந்து கேட்டிருக்கிறார். ரோலைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வெளிச்சம் பட்டுப் போச்சுப்பா" என்று சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "அவன் ஒண்ணும் சொல்லலடா. சரிங்கன்னு வாங்கிக்கிட்டுப் போனான். அதான்..." என்றார்.

ஆக, சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் நாற்பது கோடை வெந்த ஒரு ரோல். ஒரே ஒரு தடவைதான் கழுவ முடியும். தப்பான டெவலப்பரில் போட்டால் அவ்வளவுதான், பேக்கப் கிடையாது. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பயமான சூழ்நிலை இல்லை.

டெவலப்பர் என்ன செய்கிறது என்று ஒரு பத்தி. ஃபிலிமின் ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய மணிகள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட மணியில் சில அணுக்கள் அளவுக்கு மாற்றம் ஏற்படும், கண்ணுக்கோ நுண்ணோக்கிக்கோ தெரியாது. டெவலப்பர் அந்த மணியை முழுசாகக் கறுத்த உலோக வெள்ளியாக மாற்றுகிறது. வெளிச்சம் படாத மணியைத் தொடாமல் விட வேண்டும். ஆனால் நேரம் கூடினாலோ சூடு கூடினாலோ அதையும் கறுக்க ஆரம்பிக்கும். அந்தப் பொதுவான சாம்பல் மூட்டத்துக்குப் பெயர் ஃபாக். ஃபிலிம் பழசானால் அந்த மணிகள் தாமாகவே பாதி கெட்டுப்போயிருக்கும், மூட்டம் இன்னும் அதிகம். நல்ல டெவலப்பர் என்றால், பட்டது எது படாதது எது என்று நன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த டெவலப்பர். மற்றதெல்லாம், அந்த நைஸான கிரெயின் உட்பட, அதற்கப்புறம்தான்.

முதல் டெவலப்பர் எது என்று தேடினால் நாட்டு மருந்துக் கடைக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்போட் 1840 செப்டம்பரில் கண்டுபிடித்து அடுத்த வருஷம் காப்புரிமை வாங்கிய கலோடைப் முறையில், மறைந்திருக்கும் பிம்பத்தை வெளியே கொண்டுவந்தது காலிக் அமிலம். அது அன்றைக்கு எடுக்கப்பட்டது ஓக் மரத்தில் பூச்சி துளைத்து உண்டாகும் கட்டியிலிருந்து. நமக்கு அது மாசிக்காய். பிறந்த குழந்தைக்கு உரைமருந்தில் உரைத்துக் கொடுப்பார்களே, அதேதான். காலிக் அமிலம் நம் கடுக்காயிலும் உண்டு. இரண்டையுமே இரும்புச் சத்தோடு சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்கள், இரண்டையுமே தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். கல்வராயன் மலையிலிருந்து இன்றும் கடுக்காய் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. அதை வைத்து யாரும் நெகடிவ் கழுவவில்லை என்பது வேறு விஷயம்!

இந்தக் காலிக் அமிலத்தைத் தமிழ்நாட்டுக் கோடையில் வைத்து வேலை பார்த்தவர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். அரசாங்கத்துக்கான புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி சேலம் மாவட்டம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி 1858 ஏப்ரலில் சென்னை போய்ச் சேர்ந்தார். அவர் வெளியிட்ட தொகுப்புகளின் தலைப்புகளில் ராயக்கோட்டை இருக்கிறது, கள்ளக்குறிச்சி இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அவர் கிளம்பிய காலத்தில் கண்ணாடித் தகட்டில் எடுக்கும் கொலோடியன் முறை வந்து ஆறு வருஷமாகிவிட்டது. காகித நெகடிவைவிடப் பல மடங்கு துல்லியம், சீக்கிரமும்கூட. ஆனாலும் இந்தப் பயணத்தில் ட்ரைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது மெழுகு ஏற்றிய காகித நெகடிவைத்தான். ஏன் என்று கொஞ்சம் யோசித்தால் தெரியும். கொலோடியன் ஈதரில் கரைத்தது, நம் வெயிலில் நிற்காமல் ஆவியாகும். தகடு காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கோயில் வாசலிலேயே இருட்டுக் கூடாரம் போட்டாக வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகு சாவகாசமாகவும் கழுவலாம். காலிக் அமிலம் மெதுவாக, மணிக்கணக்கில் வேலை செய்யும். வெயில் நாட்டில் மெதுவான டெவலப்பர் ஒரு குறையில்லை, காப்பு. இரண்டு நிமிஷத்தில் முடிகிற வினை பத்து டிகிரி கூடினால் கையை மீறிப் போய்விடும். மணிக்கணக்கில் நடப்பதை இடையில் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை ட்ரைப் வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். 21 காகிதங்களும் ஒன்றுக்கொன்று கறுப்பு வெள்ளை ஒத்துவர வேண்டும். ஒன்று அதிகம் வெந்து இன்னொன்று குறைந்தால் ஒட்டுப்போட்டது பல்லிளிக்கும். தெர்மாஸ்டாட் இல்லாத காலத்தில் அதைச் சாதித்தார் என்பது, அவர் எடுத்த கோணங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வானம் மட்டும் அவர் கையில் அடங்கவில்லை. நீலத்துக்கே அதிகம் கறுக்கும் அந்தக் காலத்து நெகடிவில் வானம் வெறும் திட்டாக வரும். அதனால் நெகடிவின் மேல் தானே தூரிகையால் மேகங்களை வரைந்துவிட்டார். 1859-ல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆடிட்டர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.

அடுத்த நூறு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். காலிக் அமிலத்தைச் சூடாக்கினால் கிடைக்கும் பைரோகாலால், கொலோடியன் தகடுகளோடு புழக்கத்துக்கு வந்தது. 1880-ல் ஹைட்ரோகுயினோன். 1891-ல் ஒரே வருஷத்தில் மெட்டாலும் ரோடினாலும். மெட்டால் மென்மையானது, நிழலில் உள்ளதையும் இழுத்து வரும், ஆனால் கறுப்புக்கு அழுத்தம் போதாது. ஹைட்ரோகுயினோன் முரடு, அழுத்தம் தரும், தனியாக விட்டால் மென்மை வராது. இரண்டையும் கலந்தால் தனித்தனியாக இருந்ததைவிட அதிக வேலை செய்கின்றன. 1926-27 வாக்கில் கோடக் நிறுவனத்தில் ஜான் கேப்ஸ்டாஃப், சினிமா நெகடிவைப் பிரதி எடுக்கும் தேவைக்காக இந்த ஜோடியை வைத்து உருவாக்கியதுதான் டி-76.

சித்தப்பாவின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: மெட்டால் 2, சல்ஃபைட் 100, ஹைட்ரோ 5, வெங்காரம் 2, தண்ணி 1 லிட்டர். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். "பேரெல்லாம் என்ன, ஃபிலிம் மருந்துதான்" என்றார். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். கிராம் பிசகாமல் டி-76. கோடக் இந்தக் கணக்கை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டது, இல்ஃபோர்டின் ஐடி-11-ம் இதே கணக்குதான். ராச்செஸ்டரில் எழுதினது, ஹாலிவுட் வழியாக எங்கெங்கோ போய், எந்த மாஸ்டரிடம் எந்த உதவியாளர் கற்றுக்கொண்டாரோ, பெயரை வழியில் தொலைத்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக் கணக்கு நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போராக்ஸ் மட்டும் தமிழ்ப் பெயரோடு நிற்கிறது, ஏனென்றால் வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது.

உலகமே பயன்படுத்தினதால் இவரும் பயன்படுத்தினார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அதற்கும் முந்தி காரம் தூக்கலான, சோடியம் கார்பனேட் போட்ட ஒரு டெவலப்பர்தான் கடையில் இருந்ததாம். நம்மூர் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கார்பனேட் போட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், காய்ந்த நெகடிவில் வெள்ளைப் பொடி படியும். முகத்தின் மேல் படிந்தால் டச்சிங் பண்ணியே கை ஒடியும். வெங்காரம் போட்டதில் அந்தத் தொல்லை குறைந்தது. கிரெயின், ஷார்ப்னெஸ் என்று இன்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம், இவர் டி-76-க்கு மாறினது போர் தண்ணீரால். அப்புறமும் மருந்து கரைக்க மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வாராம்.

சூடு இதைவிடப் பெரிய தலைவலி. புத்தகக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு எழுதியது. சித்திரையில் நம் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் 35-க்குக் குறையாது. 20 டிகிரியில் ஒன்பது நிமிஷம் எடுக்கும் ஃபிலிம் 24-ல் ஆறரை, 30-ஐத் தாண்டினால் மூன்று. மூன்று நிமிஷத்தில் மருந்து ஃபிலிம் முழுக்கச் சமமாகப் பிடிக்காது, வானத்தில் திட்டுத்திட்டாக வரும். அதைவிட மோசம், ஜெலட்டின் ஊறி உப்பி, ஓரத்தில் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கிக் கழன்றுவிடும். அதுவும் ஒருவகைப் பாயசம்தானே, சூட்டில் இளகாமல் என்ன செய்யும்?

இதற்கு வெப்ப நாடுகளுக்கென்றே ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது, சூட்டைப் பொறுத்து லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை. தண்ணீரிலேயே உப்பு நிறைந்திருந்தால் ஜெலட்டினுக்குள் தண்ணீர் அதிகம் புகாது, வினையும் நிதானப்படும். அடுத்து குரோம் படிகாரக் கரைசலில் முக்கி ஜெலட்டினை இறுக்குவது. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோலுக்குச் செய்கிற அதே குரோம் பதனிடல்தான், இங்கே மெல்லிய படலத்துக்குச் செய்கிறோம். சல்ஃபைட்டையும் சல்ஃபேட்டையும் மாற்றிப் போட்டால் கதை கந்தல். நோட்டில் "ஃபேட்" என்பதைச் சித்தப்பா சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் "வெயிலுக்கு" என்று போட்டிருக்கிறார்.

அதோடு மண்பானைத் தண்ணீர், ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வாங்கிச் சாக்கில் சுற்றி வைத்த கால் பார் ஐஸ், ராத்திரி பதினோரு மணி. கல்யாண சீசன் சரியாகச் சித்திரை வைகாசியில் வந்து தொலைக்கும்!

மருந்து இன்னொரு விளையாட்டும் காட்டும். கலந்து வைத்த டி-76 நாளாக நாளாகச் சுறுசுறுப்பாகும், போன வாரம் ஒன்பது நிமிஷத்துக்கு வந்த அழுத்தம் இந்த வாரம் எட்டிலேயே வந்துவிடும். ஹைட்ரோகுயினோன் உள்ளே மெல்ல வினைபுரிந்து காரத்தை ஏற்றுவதுதான் காரணம். கோடக் பின்னாடி இதற்கு ஒரு திருத்தம் சொன்னது: போராக்ஸ் 8 கிராம், கூடவே போரிக் அமிலம் 8 கிராம். போரிக் என்றால் நாம் கேரம் போர்டில் தூவினோமே, அந்தப் பவுடர். சித்தப்பாவுக்கு இந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. "பழைய மருந்துன்னா ஒரு நிமிஷம் குறைச்சுக்குவேன்" என்றார். அதுவும் ஒரு பேட்ச்தான்.

நாட்டின் மொத்த ஃபிலிம் தேவைக்கும் பதில் சொல்ல நினைத்த தொழிற்சாலை எங்கே வந்தது என்று பாருங்கள். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் பதிவாகி, பிரான்சின் பவுஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் ஊட்டியில் உற்பத்தி ஆரம்பித்தது. கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல், குளிர்ச்சியான தூசில்லாத காற்று. பிராண்ட் பெயர் இந்து, அந்த இடமே இந்து நகர் ஆனது. ஃபிலிம் பிறக்க ஊட்டிக் குளிர் வேண்டும், கழுவுப்பட மட்டும் கள்ளக்குறிச்சி வெயிலுக்கு வரவேண்டும். 1990-களின் நடுவில் அந்தக் கம்பெனி நலிந்த நிறுவனமாகி, பிறகு எழுந்திருக்கவே இல்லை. டிஜிட்டல் வந்ததும் ஊர் ஊராக ஸ்டுடியோ நெகடிவுகளை வெள்ளி பிரிக்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வந்தது தப்பித்தது, மற்றது வெள்ளியாகப் போனது.

சரி, ரோலுக்கு வருவோம்.

என்னிடம் மூன்று வாய்ப்பு. ரோடினாலை முதலிலேயே தள்ளிவிட்டேன், பழைய ஃபிலிமில் மூட்டத்தையும் மணிமணியான கிரெயினையும் தூக்கிக்காட்டும். அடுத்தது சித்தப்பா நோட்டு. மூன்றாவது ஹெச்.சி-110. கோடக் 1960-களில் கொண்டுவந்த, பாகு மாதிரியான திரவம். மூட்டம் குறைவாகத் தரும் என்று பழைய ஃபிலிம் கழுவுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள். டி-76-ல் பென்சோட்ரையசோல் சேர்த்து மூட்டத்தை அடக்கலாம்தான், ஆனால் அது மூட்டத்தோடு சேர்த்து மங்கலான நிழல்களையும் அடக்கிவிடும். நாற்பது வருஷத்தில் பிம்பமே தேய்ந்திருக்கும்போது அந்த ரிஸ்க் வேண்டாம் என்று தோன்றியது.

மனசு நோட்டுப் பக்கம்தான் இருந்தது. அவர் எடுத்த ஃபிலிம், அவர் கைக்கணக்கிலேயே கழுவினால் எவ்வளவு பொருத்தம். ஆனால் பொருத்தம் பார்க்க இது ஜாதகம் இல்லையே. கும்மிருட்டில் ரோலைப் பிரித்து, கடைசி முனையில் ஆறு சென்டிமீட்டர் வெட்டி, அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தேன். 12-ஆவது படத்தில் பாதிக்கு மேல் பலி. ஒரு பாதி டி-76-ல், ஒரு பாதி ஹெச்.சி-110-ல், இரண்டும் 20 டிகிரி. மீதி ரோல் கறுப்புப் பைக்குள்.

ஹைப்போவிலிருந்து எடுத்து விளக்கில் பிடித்தேன். நோட்டுக் கணக்கில் கழுவின துண்டு ஸ்லேட் பலகை மாதிரி சாம்பலாக இருந்தது, உள்ளே ஏதோ இருப்பது மாதிரியும் இல்லாத மாதிரியும். மற்றதிலும் மூட்டம்தான், ஆனால் அதற்குள் ஒரு பந்தக்கால் நின்றது, அதில் கட்டின மாவிலைகூட.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். உங்க கணக்கு தோத்துடுச்சு என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினதில் அவரே புரிந்துகொண்டார். "அந்த மருந்து புது ஃபிலிமுக்குடா. எது படத்தைக் காட்டுதோ அதுல கழுவு" என்றார்.

மீதி பதினொன்றில் நாலில் ஒன்றுமே இல்லை. ஐந்தில் ஆட்கள் இருக்கிறார்கள், முகம் இல்லை. இரண்டு தேறின. ஒன்றில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். இன்னொன்றில் மணமக்கள், கூரை வீட்டு முன்னால். வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது, அந்தப் பெண் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை விறைப்பாக நிற்கிறார்.

அடுத்த வாரம் நெகடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஃபாக் ஜாஸ்தி. நாலாம் நம்பர் பேப்பர்ல போட்டா எந்திரிக்கும்" என்றார். பிறகு, "செல்போன்ல காட்டாத. எட்டுக்குப் பத்து பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு வா, நானும் வரேன்" என்றார்.

ஊர்ப் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். கூரை இருந்தவர்கள் இருக்கிறார்களோ என்னவோ, பிள்ளைகளாவது இருப்பார்கள். பிரிண்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளிமலை பஸ்.